எனக்குத் தெரியாத ஹாரனா?

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஓர் ஆனி மாதத்தில், போர்ட் பிளேரில் நடந்த சம்பவம் இது. யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிப்பார்கள். சிரித்து முடித்தபின், "சும்மா சொல்லாதீங்க" என்பார்கள். அந்த இரண்டாவது பதில்தான் என்னை அதிகம் பாடாய்ப் படுத்தியது.

ஃபீனிக்ஸ் பே ஜெட்டிக்கு, அதாவது படகுத்துறைக்குப் போகிற சாலையில் எனக்கு ஒரு கடை இருக்கிறது. கயிறு, பெயிண்ட், நட்டு போல்ட், மண்ணெண்ணெய் விளக்குக்குத் திரி என்று போட்டுக்காரர்களுக்கு வேண்டியதெல்லாம் வைத்திருப்பேன். ராமநாதபுரத்திலிருந்து வந்த அப்பா ஆரம்பித்த கடை. வீடு சிப்பிகாட்டில். பிறந்ததிலிருந்து கப்பல் சத்தத்திலேயே வளர்ந்தவன் என்பதால் எனக்கு ஒரு பெருமை உண்டு. எந்த போட் எப்போது ஹாரன் அடித்தாலும், தலையை நிமிர்த்தாமல் அது எந்த போட் என்று சொல்லிவிடுவேன். கடைக்கு வருகிறவர்கள் பந்தயம் கட்டித் தோற்றிருக்கிறார்கள். இந்தப் பெருமையை வைத்துக்கொண்டு நான் சும்மா இருந்திருக்கலாம்.

என் அக்காவை ஹட் பேயில் கட்டிக் கொடுத்திருந்தது. போர்ட் பிளேரிலிருந்து தெற்கே, கடலில் ஒரு பகல் முழுக்கப் போகவேண்டிய தீவு. அக்காவுக்கு ஒரே பெண். அந்தப் பெண்ணுக்குத்தான் கல்யாணம் வைத்திருந்தார்கள். நான் தாய்மாமன், அதுவும் ஒரே தாய்மாமன். எங்கள் வழக்கத்தில் முகூர்த்தத்துக்கு முன் பெண்ணுக்கு மாமன்தான் மாலை போட வேண்டும். பட்டுப்புடவை கொடுத்து, கையைப் பிடித்து, மணவறைக்கு அழைத்துப் போய் உட்கார வைக்க வேண்டும். மாப்பிள்ளை இல்லாமல்கூட ஒருவேளை கல்யாணம் நடந்துவிடும், மாமன் இல்லாமல் நடக்காது என்று எங்கள் பக்கத்தில் கேலியாகச் சொல்வார்கள்.

தேதி குறித்தபோதே நான் சண்டை போட்டேன். ஆனியில் கடல் எப்படி இருக்கும் என்று தீவில் பிறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். துறைமுகத்தில் புயல் சிக்னல் ஏற்றிவிட்டால் போட் போகாது, காத்துக் கிடக்க வேண்டும். தையில் வையுங்கள் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். மாப்பிள்ளைக்கு லீவு இல்லை, ஜோசியர் வேறு நாள் இல்லை என்கிறார் என்று ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். "அப்ப நான் வர முடியாமப் போனா என்னைக் கேக்காதீங்க" என்று கோபத்தில் ஒரு வார்த்தை விட்டேன். வார்த்தையைக் கொட்டினால் அள்ள முடியாது என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

மனைவியும் பிள்ளைகளும் ஒரு வாரம் முன்னாலேயே ஹட் பேக்குப் போய்விட்டார்கள். மெயின்லேண்டிலிருந்து என் மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, விமானத்தில் வந்து இறங்கினான். அவனுக்காக நான் இருந்தேன் என்பதைவிட, அவன் கொண்டுவந்த பெட்டிக்காக இருந்தேன் என்பதே சரி. இங்கே நல்ல பூ கிடைக்காது, விமானத்தில்தான் வரவேண்டும். ரோஜாவும் சம்பங்கியும் கட்டிய கல்யாண மாலை, மதுரை மல்லி, எல்லாவற்றையும் தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் போட்டு, குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு வந்திருந்தான். அந்த ஒரு வேலையை அவன் ஒழுங்காகச் செய்தான் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் அவனைத் திட்டத்தான் போகிறேன்.

முகூர்த்தத்துக்கு முதல் நாள் காலை போட். விடியற்காலையிலேயே பெட்டி, புடவைப் பையோடு ஜெட்டிக்குப் போய்விட்டோம். போனால், கடல் சரியில்லை, போட் தாமதம், பெரும்பாலும் மதியத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். சொன்னேனா இல்லையா என்று எனக்குள் ஒரு பக்கம் சந்தோஷமாகக்கூட இருந்தது. மனுஷ புத்தி!

மழை நசநசவென்று பெய்துகொண்டிருந்தது. பேசாமல் என் கடையில் உட்கார்ந்து டீ குடித்திருக்கலாம். மச்சினன் போனை நோண்டிக்கொண்டே, "அத்தான், இங்க பக்கத்துலயே ஒரு ஆர்ட் சென்டர் இருக்காம்ல? பழைய பில்டிங்காம். வாங்க, போய்ட்டு வந்துருவோம்" என்றான். அவனுக்கு ரீல்ஸ் எடுக்கிற பைத்தியம். தண்ணீர்க் குழாயைக்கூட நாலு கோணத்தில் எடுத்துப் போடுவான்.

அவன் சொன்ன இடம் எனக்கு நன்றாகவே தெரியும். வெள்ளைக்காரன் காலத்துக் கிடங்கு அது. படாக்கு மரத்தூண்கள், கல் சுவர், மேலே தகரக்கூரை. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அதில் துருப்பிடித்த சங்கிலியும் எலியும்தான் இருந்தன. பழைய கயிறு ஏலம் எடுக்க நானே உள்ளே போய்த் தும்மிக்கொண்டு வந்திருக்கிறேன். அதைச் சுத்தம் செய்து, கலை மையம் என்று போர்டு மாட்டி இரண்டு வருடம் ஆகியிருந்தது. தினமும் அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்தவன், ஒரு நாளும் உள்ளே எட்டிப் பார்த்ததில்லை.

"போட் கிளம்பிட்டா என்ன பண்றது அத்தான்?" என்று மச்சினன் ஒரு வார்த்தை கேட்டான். கேட்டான் என்பதை மறைக்கக்கூடாது. நான்தான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "கிளம்புறதுக்கு அரை மணி முன்னாடி ஒரு ஹாரன் அடிப்பான். அப்புறம் கடைசியா ஒண்ணு. அந்த ஹாரன் எனக்குத் தெரியாதா? முதல் ஹாரன் கேட்டதும் எந்திரிச்சு நடந்தா போதும்" என்றேன்.

வாசலில் ஓர் இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். சௌல்தாரிப் பக்கத்துத் தமிழ்ப் பெண். ஓவியக் கல்லூரியில் படித்துவிட்டு வந்து இந்த மையத்தைப் பார்த்துக்கொள்கிறவள். நம் தீவுப் பிள்ளைகள் பேசுகிற மாதிரியே தமிழும் இந்தியும் கலந்து பேசினாள். "அங்கிள், போனை சைலண்ட்ல போட்ருங்க. அந்தர் ஆவாஸ் சல் ரஹா ஹை, டிஸ்டர்ப் ஆகும்" என்றாள். உள்ளே சத்தம் ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால் சத்தம் போடக்கூடாதாம். இது என்ன நியாயம் என்று முணுமுணுத்துக்கொண்டே போனை அமுக்கினேன். பூப்பெட்டியை வாசலில் வைத்துவிட்டுப் போகச் சொன்னாள். கல்யாண மாலை, மாட்டேன் என்றேன். சரி, தூக்கிக்கொண்டே போங்கள் என்று விட்டுவிட்டாள்.

உள்ளே போனதிலிருந்து எனக்கு எரிச்சல் ஏறிக்கொண்டே இருந்தது. காரை பெயர்ந்த சுவரைப் பூசாமல் அப்படியே விட்டிருந்தார்கள். காசு பற்றவில்லையோ என்று பரிதாபப்பட்டால், வேண்டுமென்றே விட்டதாம். சுவரின் வயதைக் காட்டுகிறார்களாம். ஒரு மேடை போட்டு, அதன் மேல் விளக்கு அடித்து, துருப்பிடித்த ஷாக்கிள் ஒன்றை வைத்திருந்தார்கள். சங்கிலி மாட்டுகிற இரும்பு வளையம் அது. என் கடையில் புதியதாகவே கிடைக்கும். துருப்பிடித்ததை நான் வாடிக்கையாளரிடம் நீட்டினால் முகத்தில் எறிவார். இங்கே கைகட்டிக்கொண்டு பார்க்கிறார்கள். மச்சினன் அதன் முன்னால் மண்டியிட்டு வீடியோ எடுத்தான்.

அடுத்த அறையில் ஒரு கிழிந்த மீன்வலை. அதற்கடுத்ததில் ஒன்றுமே இல்லை. சும்மா ஒரு வெள்ளைத் துணி தொங்கியது. அதன் முன்னால் ஒரு சுற்றுலாத் தம்பதி பேச்சுமூச்சு இல்லாமல் நின்றார்கள். "இதுல என்னய்யா இருக்கு?" என்று கேட்டேன். "ஃபீல் பண்ணணும் அத்தான்" என்றான் மச்சினன். எனக்குப் பசிதான் ஃபீல் ஆகிக்கொண்டிருந்தது.

கடைசியில் பெரிய கூடம். அரை இருட்டு. நடுவே ஜெட்டியில் கப்பல் கயிறு கட்டுகிற குட்டையான இரும்புத் தூண் ஒன்றை நட்டிருந்தார்கள். சுற்றிலும் பெஞ்சுகள், ஒவ்வொரு மரத்தூணிலும் ஒரு ஸ்பீக்கர். பார்ப்பதற்கு வேறு ஒன்றும் கிடையாது. உட்கார்ந்து கேட்கவேண்டியதுதான். ஜெட்டியின் சத்தங்களைப் பதிவு செய்து ஓடவிட்டிருந்தார்கள். தகரத்தில் மழை, கூடைக்குள் கோழி, இந்தியில் மைக் அறிவிப்பு, யாரோ யாருக்கோ வங்காள மொழியில் கத்தி விடைகொடுப்பது, நடுநடுவே ஹாரன். வாசலுக்கு வெளியே இலவசமாகக் கிடைக்கிற சத்தத்தை உள்ளே பெஞ்சு போட்டுக் கேட்க வைத்திருக்கிறார்களே என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

கூரையிலிருந்து ஒரு மைக் தொங்கியது. கீழே ஒரு பலகை. மச்சினன் படித்துச் சொன்னான். இந்தக் கூடமும் கேட்டுக்கொண்டிருக்கிறதாம். இங்கே வருகிறவர்களின் பேச்சும் வெளியிலிருந்து வரும் சத்தமும் பதிவாகுமாம். அதிலிருந்து எடுத்த பகுதிகளை அவ்வப்போது இதிலேயே சேர்ப்பார்களாம். பதிவாக வேண்டாம் என்றால் வாசலில் சொல்லலாமாம். "சுவருக்கும் காது உண்டுன்னு நம்மாளுக எப்பவோ சொல்லிட்டாக. இதுக்கு ஒரு போர்டு" என்றேன்.

ஆனால் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் எனக்கே ஒரு சுவாரசியம் வந்துவிட்டது. ஒரு ஹாரன் ஒலித்தது. "இது பழைய கப்பல். உடைக்கக் கொண்டு போயி எவ்வளவோ காலமாச்சு" என்றேன். மச்சினன் வாயைப் பிளந்தான். இன்னொன்று. "இது வடக்கே ரங்கத்துக்குப் போறது. குரல் கீச்சுன்னு இருக்கும் பாரு." அவன் உடனே போனை என் பக்கம் திருப்பிவிட்டான். எனக்கு மீசை துடித்தது. இதுவரை எரிச்சலில் இருந்தவன், வகுப்பெடுக்க ஆரம்பித்துவிட்டேன். எந்த போட்டுக்கு எப்போது இன்ஜின் மாற்றினார்கள், எதன் ஹாரன் ஏன் கரகரக்கும், ஒன்று விடாமல்.

அப்போதுதான் அது ஒலித்தது. கனமான, நீண்ட ஹாரன். முடிகிற இடத்தில் லேசாக ஒரு கமறல். நான் தொடையில் தட்டினேன். "டேய், இது நம்ம போட்டுடா! இன்னிக்கு நாம போறோமே, அதே போட்! எப்படிப் பிடிச்சிருக்காங்க பாரு. கடைசியில தொண்டை கட்டின மாதிரி இழுக்குது பாரு, அதுகூட அச்சு அசலா இருக்கு. நேர்ல கேட்டாக்கூட இவ்வளவு தத்ரூபமா இருக்காது!"

மச்சினன், "செம அத்தான்" என்றான்.

அரை மணி நேரம் போயிருக்கும். நான் இன்னும் பேசிக்கொண்டுதான் இருந்தேன். மறுபடி அதே ஹாரன். "பாத்தியா, முதல் ஹாரன், கடைசி ஹாரன் ரெண்டையும் கரெக்டா கேப் விட்டுப் போட்டிருக்கான். விஷயம் தெரிஞ்சவன்தான் செஞ்சிருக்கான்" என்று அந்தக் கலைஞனுக்குச் சான்றிதழும் கொடுத்தேன்.

வயிறு கூப்பிடவே எழுந்து வெளித் தாழ்வாரத்துக்கு வந்தோம். மழை விட்டிருந்தது. எதிரே கடல் தெரிந்தது. ஒரு போட் துறைமுக வாயைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே நின்றேன். மச்சினன்தான் மெதுவாக, "அத்தான், அது நம்ம போட் மாதிரி இல்ல?" என்றான்.

போனை எடுத்தால், பக்கத்துக் கடைக்காரர் விடாமல் அழைத்திருந்தார். கடல் கொஞ்சம் அடங்கியதும், மறுபடி மோசமாவதற்குள் போய்விடலாம் என்று போட்டைச் சொன்ன நேரத்துக்கு முன்பே கிளப்பிவிட்டார்கள். முறைப்படி ஹாரன் அடித்துத்தான் கிளம்பியிருக்கிறார்கள். மைக்கிலும் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்த அறிவிப்பையும் நான் கேட்டேன் என்றுதான் நினைக்கிறேன். ரசித்திருப்பேன்.

ஓடினோம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தெர்மோகோல் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, இந்த வயதில் நான் ஓடிய ஓட்டத்தை ஜெட்டியே வேடிக்கை பார்த்தது. கேட்டில் நின்றவர் எனக்குத் தெரிந்தவர்தான். "க்யா பாய், நீயா போட்டை விட்டே?" என்றார். அந்த 'நீயா' இருக்கிறதே, அதற்குப் பதில் என் கன்னத்தில் ஓர் அறை விட்டிருக்கலாம். அடுத்த போட் முகூர்த்தம் முடிந்த மறுநாள்தான். ஹெலிகாப்டருக்கு விசாரித்தேன். அந்த வானிலையில் அதுவும் பறக்கவில்லை. மீன்பிடிப் படகுக்காரர் ஒருவரைக் கெஞ்சினேன். "உன் மருமகளுக்குக் கல்யாணம், எனக்குக் கருமாதியா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

புடவைப் பையை அந்தக் கூடத்தின் பெஞ்சிலேயே விட்டுவிட்டு ஓடியிருக்கிறேன் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. திரும்பிப் போனேன். பை அப்படியே இருந்தது. அதன் பக்கத்தில் உட்கார்ந்தேன். கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே என்பார்கள். கப்பல் எங்கே கவிழ்ந்தது, அது சௌக்கியமாகப் போய்விட்டது. நான்தான் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். என்னென்னவோ புலம்பினேன். மச்சினனைத் திட்டினேன், அந்த மையத்தைத் திட்டினேன், என் காதைத் திட்டினேன். அந்தப் பெண் டீ கொண்டுவந்து வைத்தாள். "ஸாரி அங்கிள், நான் வெளியில டூரிஸ்ட்ட பேசிட்டிருந்தேன். நீங்க ஹட் பே போறவங்கன்னு தெரிஞ்சிருந்தா வந்து சொல்லியிருப்பேன்" என்றாள். அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. அதுவும் எனக்கு ஆத்திரமாகத்தான் இருந்தது. திட்டுவதற்கு என்னைத் தவிர ஓர் ஆள்கூட மிச்சமில்லை.

மாலையை என்ன செய்வது? போய்ச் சேர்வதற்குள் அழுகிவிடும். வாடின மாலையோடு கல்யாண வீட்டுக்குப் போகக்கூடாது. "நீயே வச்சுக்கம்மா, எந்தக் கோயில்லயாவது போட்ரு" என்று பெட்டியோடு அவளிடம் கொடுத்தேன். மூடியைத் திறந்ததும் கூடம் முழுக்க மல்லி மணந்தது.

அக்காவுக்குப் போன் போட்டேன். அந்தப் பேச்சை நான் மறக்கவே முடியாது.

"என்னடா, ஏறிட்டியா?"

"இல்லக்கா. போட்டை விட்டுட்டேன். பக்கத்துல ஒரு ஆர்ட் சென்டர்ல உக்காந்திருந்தோம்…"

"படம் பாக்கப் போனியா?"

"படம் இல்லக்கா, சத்தம். அங்க கப்பல் ஹாரன் போட்டுக் காட்டுறாங்க. நிஜ ஹாரனும் அதுதான்னு நெனச்சி…"

"சத்தம் பாக்கப் போனியா?" என்றாள் அக்கா. பிறகு, "எத்தனையோ பேரோட காதுல விழுந்திருக்கும், உனக்கு மட்டும் விழலையா? ஊருக்கே ஹாரன் சொல்லிக் கொடுக்குறவன் நீ. வரப் பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லுடா. தேதி வைக்கும்போதே சொன்னவன்தானே" என்று வைத்துவிட்டாள்.

கல்யாணம் நடந்தது. அக்கா வீட்டுக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கிற மலையாளி அண்ணன், அக்கா மகளை அவள் பள்ளிக்கூட நாளிலிருந்து பார்க்கிறவர், மாமன் இடத்தில் நின்று மாலை போட்டுக் கையைப் பிடித்து அழைத்துப் போயிருக்கிறார். தீவில் அப்படித்தான். சொந்தம் வந்து சேராத வீட்டில் பக்கத்து வீடு சொந்தமாகிவிடும். அவருக்கு நான் காலமெல்லாம் கடமைப்பட்டவன். ஆனால் என் மனைவி போனைத் தூக்கிப் பிடித்து நாதஸ்வரத்தைக் கேட்க வைத்தபோது, கடையின் ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து அழுதேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

அடுத்த போட்டில் போய் இறங்கினேன். புடவையைக் கொடுத்தேன். மருமகள் வாங்கிக்கொண்டாள், காலில் விழுந்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. முகூர்த்தத்துக்கு நேரம் நெருங்கும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். "மாமா வேணும்னுதான் வரல, சொன்னது பலிச்சிருச்சுன்னு காட்டுறாரு" என்று என் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள். என் மனைவி சத்தியம் செய்யாத குறைதான். நானும் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் விளக்கினேன். விளக்க விளக்கப் பொய் மாதிரியே இருந்தது. "ஆர்ட் கேலரியில ஹாரன் அடிச்சதாம்" என்று பந்தியில் ஒருவர் சொல்ல, பந்தியே சிரித்தது. மச்சினன் சாட்சி சொல்லலாமே என்றால், அவன் பேச்சை யார் நம்புவது? இரண்டு பேரும் எங்கோ ஊற்றிக்கொண்டு படுத்துவிட்டோம் என்று அவனாலேயே ஒரு கதை வலுத்தது. வீடியோ எடுத்தாயே, அதையாவது காட்டடா என்றால், என் பாதி மீசையும் இருட்டும்தான் அதில் இருந்தன. சத்தத்தை எடுத்துவிட்டு ஏதோ பாட்டைப் போட்டிருந்தான்!

அதற்குப் பிறகு அந்தக் கிடங்கு இருக்கிற பக்கமே நான் திரும்புவதில்லை. கடைக்குச் சுற்று வழியாகப் போனேன்.

ஐப்பசியில் தலைதீபாவளிக்குத் துணி எடுக்க அக்காவும் மருமகளும் போர்ட் பிளேர் வந்தார்கள். என் மனைவி வற்புறுத்தியதால் எங்கள் வீட்டில் தங்கினார்கள். மருமகள் எல்லோரிடமும் கலகலவென்று பேசினாள். நான் வந்தால் மட்டும் டிவி பக்கம் திரும்பிவிடுவாள். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் கடைத்தெருவுக்குப் போகும் வழியில், "ஒரே ஒரு இடம், கால் மணி நேரம்" என்று ஆட்டோவை அந்தக் கிடங்கு வாசலில் நிறுத்திவிட்டேன். அப்படி ஓர் இடம் இருக்கிறது, அங்கே ஹாரன் ஒலிக்கிறது, அவ்வளவையாவது கண்ணால் பார்க்கட்டும் என்பதுதான் என் எண்ணம்.

வாசலில் அதே பெண். என்னைப் பார்த்ததும் எழுந்தேவிட்டாள். "அங்கிள்! உங்களைத்தான் தேடிட்டிருந்தோம். பேரும் தெரியாது, நம்பரும் தெரியாது. உள்ள போய்க் கேளுங்க, ஜல்தி" என்றாள்.

கூடத்தில் அந்த இரும்புத் தூணின் கழுத்தில் ஒரு மாலை கிடந்தது. சருகாகக் காய்ந்து, பழுப்பேறி, நார் தெரிந்தது. என் மாலை. கோயிலில் போடச் சொன்னால் இவர்கள் அதையும் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். கீழே தமிழ், இந்தி, இங்கிலீஷில் ஒரு சீட்டு: 'மணமகளுக்குப் போய்ச் சேராத மாலை.' எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மருமகள் சீட்டைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். மாலையைத் தொடப் போன அவள் கையை அக்கா தட்டிவிட்டாள். "காஞ்ச மாலையத் தொடாத. தலைதீபாவளி நேரத்துல."

பெஞ்சில் உட்கார்ந்தோம். மழை, கோழி, அறிவிப்பு எல்லாம் வந்தன. பிறகு அந்த ஹாரன் ஒலித்தது, கடைசியில் கமறலோடு. அதைத் தொடர்ந்து தொடையில் தட்டுகிற சத்தம். அதன் பிறகு, தூணுக்குத் தூண் சுற்றிவந்து, என் குரல்: "டேய், இது நம்ம போட்டுடா! இன்னிக்கு நாம போறோமே, அதே போட்!"

அக்கா திகைத்துப்போய் என் முகத்தைப் பார்த்தாள். குரல் விடுவதாக இல்லை. நேரில் கேட்டால்கூட இவ்வளவு தத்ரூபமாக இருக்காது என்று பாராட்டியது. முதல் ஹாரன், கடைசி ஹாரன் என்று கணக்குச் சொன்னது. விஷயம் தெரிந்தவன் என்று சான்றிதழ் கொடுத்தது. அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். "அட கிறுக்கா… அட கிறுக்கா…" என்பதைத் தவிர அவளுக்கு வேறு வார்த்தை வரவில்லை. பக்கத்துப் பெஞ்சில் இருந்த வெளியூர்க்காரர்கள்கூடச் சிரித்தார்கள். மாதக்கணக்காக முன்பின் தெரியாத சுற்றுலாக்காரர்களெல்லாம் என்னைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். நான் மட்டும் சுற்று வழியாகக் கடைக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறேன்.

மருமகள் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். ஏனென்றால் பதிவு அத்தோடு முடியவில்லை. ஓடுகிற காலடிச் சத்தம், கொஞ்சம் அமைதி. பிறகு மறுபடி என் குரல், மூக்கடைத்த குரலில். இதை நான் பேசியதே எனக்கு நினைவில்லை.

"அவ பொறந்தப்ப, கடல் இதைவிட மோசம்டா. வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கிட்டே போயி நின்னேன். காது குத்து என் மடியில. சடங்குக்கு நானே தோள்ல பலாப்பழத்தைத் தூக்கிக்கிட்டுப் போனேன். ஒண்ணு, ஒண்ணுக்குக்கூட நான் தவறினதில்ல. நாளைக்கு அவ வாசலப் பாப்பாடா. எங்க மாமான்னு வாசலப் பாப்பா. நான் இங்க உக்காந்து சத்தம் கேட்டுக்கிட்டிருந்திருக்கேன்…"

அதன்பின் டீ டம்ளரை வைக்கிற சத்தம். அப்புறம் வேறு மழை, வேறு அறிவிப்பு.

நான் எழுந்து வெளியே போய்விடலாம் என்று பார்த்தேன். அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. மருமகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நாலு மாதத்துக்குப் பிறகு முதல் வார்த்தை பேசினாள். "இவ்வளவு கத்திப் பேசியிருக்கீங்க மாமா. எனக்குப் போன்ல சொன்னா என்ன?"

"சொன்னேன்ல, எவ நம்புனா?" என்றேன். நிஜமாகவே எரிச்சல்தான் வந்தது.

அவள் எழுந்து நின்றாள். புடவைத் தலைப்பை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, வலது கையை என் முன்னால் நீட்டினாள். எனக்கு முதலில் விளங்கவில்லை. அக்காதான், "பிடிடா, கூப்பிடுறா பாரு" என்று முழங்கையால் இடித்தாள். பிடித்தேன். அந்தக் கூடத்தின் நடுவிலிருந்து, கிழிந்த வலையையும் வெள்ளைத் துணியையும் துருப்பிடித்த ஷாக்கிளையும் தாண்டி, வாசல்வரை அவளை அழைத்துக்கொண்டு நடந்தேன். வெளியூர்க்காரர்கள் இதுவும் நிகழ்ச்சிதான் என்று நினைத்துக் கைதட்டினார்கள். என் பின்னால் அக்கா அழுகிறாளா சிரிக்கிறாளா என்று திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அந்தக் காய்ந்த மாலையை எடுத்துவிடச் சொன்னேன். அந்தப் பெண் மறுநாளே எடுத்துவிட்டாள். என் குரலை மட்டும் எடுக்கவேண்டாம் என்று மருமகள் சொல்லிவிட்டாள், அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. கடைக்கு வருகிறவர்கள் "அச்சு அசலா இருக்கு" என்று கிண்டல் செய்கிறார்கள், செய்துவிட்டுப் போகட்டும். ஆனால் பந்தயத்தை விட்டுவிட்டேன். இப்போதும் அந்த போட்டின் ஹாரன் கேட்டால் அது எந்த போட் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் கல்லாவை விட்டு எழுந்து, வாசலுக்குப் போய், கடலை ஒரு முறை கண்ணால் பார்த்துவிட்டு வந்துதான் உட்காருகிறேன்.